பாஸ்வேர்டு போட்டிருந்தும் திருடன் கையில் கோப்புகள் சிக்குமா?

சிக்கும். விண்டோஸ் திறக்கும்போது கேட்கும் பாஸ்வேர்டு, அந்த விண்டோஸுக்குள் நுழைவதை மட்டும்தான் தடுக்கும். பல கணினிகளில் கோப்புகள் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே கிடக்கின்றன. கேபினெட் மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றி, டிஸ்க்கை உருவி வேறொரு கணினியில் மாட்டினால் போட்டோ, வரவுசெலவு, ஆதார் நகல் எல்லாம் பளிச்சென்று தெரியும். வாசலில் வாட்ச்மேனை நிறுத்திவிட்டு, பீரோவைப் பூட்டாமல் கொல்லைப்புறத்தில் வைத்த கதைதான்.

இதற்கு வழி டிஸ்க் என்கிரிப்ஷன். டிஸ்க்கில் எழுதப்படும் எல்லாவற்றையும் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி உருமாற்றி வைப்பது. இந்த வசதியின் பெயர் விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். உபுண்டு (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) என்றால் நிறுவும்போதே தேர்ந்தெடுக்கலாம். பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வேறு இடத்தில் வையுங்கள் (அதை மானிட்டரிலேயே ஒட்டி வைப்பவர்களும் உண்டு!). சிக்கல் வந்து கணினி அதைக் கேட்கும்போது கையில் இல்லையென்றால் உங்களுக்கும் திறக்காது.

அப்புறம், என்கிரிப்ஷன் இருந்தால் பேக்கப் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். திருடனால் படிக்க முடியாது, சரி. ஆனால் போன கோப்புகள் உங்களுக்குத் திரும்பி வராது. அதற்கு வெளி டிஸ்க்கில் தனியாக ஒரு நகல் வேண்டும், அதுவும் அதே மேசை டிராயரில் அல்ல.