அழுதால் பிள்ளைக்குப் போய்ச் சேருமா?

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். ஆறு மாதக் கர்ப்பிணி. கணவருக்கு வேலை போய்விட்டது, வாடகை பாக்கி. இரவில் அழுகை வருகிறது. “உன் கவலையெல்லாம் வயிற்றுப் பிள்ளைக்குத்தான் போகிறது” என்கிறார் மாமியார். அது உண்மையா? இப்போது அழவும் பயமாக இருக்கிறது.

வி.

அன்புள்ள வி.,

கொஞ்சம் போகிறது. உங்கள் மாமியார் சொல்கிற அளவுக்கு இல்லை.

மனம் கலங்கினால் அட்ரினல் சுரப்பி கார்டிசோல் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். அது கொழுப்பில் கரைவது என்பதால் நஞ்சுக்கொடிக்குள் எளிதில் நுழைந்துவிடும். ஆனால் அங்கே 11பீட்டா-எச்எஸ்டி2 என்றொரு நொதி இருக்கிறது. வருகிற கார்டிசோலில் பெரும்பகுதியைக் கார்டிசோன் என்ற செயலற்ற பொருளாக அது மாற்றிவிடுகிறது. மாறாமல் கடப்பது ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம்தான். கவலையே இல்லாத பெண்ணுக்கும் பேறுகாலம் நெருங்கும்போது கார்டிசோல் இரண்டு மூன்று மடங்கு உயரும். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு அந்த ஹார்மோன் தேவை. குறைமாதத்தில் வலி கண்டால் அரசு மருத்துவமனைகளில் கார்டிசோலைப் போல வேலை செய்யும் டெக்சாமெத்தசோன் ஊசி போடுவது அதற்காகத்தான். அந்த மருந்தை இந்த நொதியால் அவ்வளவாகச் சிதைக்க முடியாது; அதனால்தான் அது குழந்தையைச் சென்றடைகிறது. இந்த வழியை 1972-இல் உலகுக்குக் காட்டியவர்கள் லிக்கின்ஸ், ஹோவி என்ற நியூசிலாந்து மருத்துவர்கள்.

இதே நொதியை முடக்கும் பொருள் ஒன்று நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: அதிமதுரம். இருமலுக்கு மாமியார் அதில் கஷாயம் வைத்துத் தந்தால், உங்கள் கண்ணீரைவிட அதற்குத்தான் அவர் பயப்பட வேண்டும். பிரசவம் வரை வேண்டாம்.

மாதக்கணக்கில் நீடிக்கும் கடுமையான மன அழுத்தத்துக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அதில் ஹார்மோன் மட்டும் காரணமில்லை. தூக்கமும் சாப்பாடும் கெடுவதற்கும் பங்குண்டு. ஓர் இரவு அழுததை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அழுகிறவளைக் குற்றவாளி ஆக்கும் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அழுகைக்குக் காரணம் வாடகை பாக்கி. யோசிக்க வேண்டியது அதைத்தான்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்குப் பதிவு செய்துவிட்டீர்களா? தகுதி இருந்தால், ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணைகளில் கிடைக்கும். இன்னும் பதிவு செய்யவில்லையென்றால் நாளைக்கே மாநகராட்சி சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கேளுங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகவே இல்லையென்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.