ஹாமின் எடையில் தண்ணீர் எவ்வளவு? – ஸ்லோ குக்கர் சூப் குறித்த கேள்வி-பதில்

உலர்ந்த பீன்ஸ் விதைகளையும் ஹாமையும் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை) ஸ்லோ குக்கர் என்ற மின்சாதனத்தில் சேர்த்துப் பல மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவைக்கும் கெட்டியான சூப்பைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பாதி சமையல் சந்தேகங்கள் போலத் தோன்றினாலும், பொருளை வாங்கிய இடத்திலேயே தொடங்கிய சிக்கல்கள்தான் அவை என்பதால் இந்தப் பகுதியிலேயே பதில் எழுதுகிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: குக்கரோடு வந்த செய்முறைப் புத்தகத்தில், ஊறவைத்த ராஜ்மாவையும் ஹாமையும் ஒன்றாகப் போட்டு, குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம் விடும்படி இருந்தது. அப்படியே செய்தேன். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வீட்டில் அனைவருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. ஹாம் கெட்டுப்போனது என்று கடையில் வாதிட்டேன், அவர்கள் மறுக்கிறார்கள்.

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அச்சிட்டுக் கொடுத்ததை நம்பிச் செய்திருக்கிறீர்கள். நம்பியவரை நோயில் தள்ளியது அந்தப் புத்தகம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளையும் நேரத்தையும் பார்த்தால், ஹாமைவிட ராஜ்மாவின் மீதுதான் எனக்குச் சந்தேகம் அதிகம். சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்டுள்ள அளவுகளின்படி, பச்சை விதையில் இந்த நச்சு 20,000 முதல் 70,000 அலகுகள் வரை இருக்கும். முழுமையாக வெந்த விதையில் அது 200 முதல் 400 அலகுகளாகக் குறைந்துவிடும். நான்கைந்து பச்சை விதைகளே ஒருவரை நோயில் தள்ளப் போதுமானவை. சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும்.

இந்த நச்சு அழிவதற்குக் கொதிநிலை வேண்டும். ஸ்லோ குக்கரின் உட்பகுதி பல மணி நேரம் அதற்குக் கீழேயே நிற்கும் என்பதால், நச்சு அழியாமல் தங்கிவிடுகிறது. போதாத சூட்டில் அரைகுறையாக வெந்த ராஜ்மா, பச்சை விதையைவிட ஐந்து மடங்கு வரை கூடுதல் நச்சுத்தன்மை கொண்டதாக ஆகக்கூடும் என்பது பலருக்கும் தெரியாது. விதையைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் அடுப்பில் வைத்து 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே குக்கருக்கு மாற்ற வேண்டும்.

புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, குக்கரின் மாடல் எண், வாங்கிய ரசீது, மருத்துவரிடம் சென்றிருந்தால் அந்தச் சீட்டு ஆகியவற்றின் நகல்களோடு தயாரிப்பாளருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். உங்கள் பகுதியின் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். ஹாம் விற்ற கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஸ்லோ குக்கரில் பீன்ஸே சமைக்கக் கூடாதா?

பதில்: தாராளமாகச் சமைக்கலாம். இந்தச் சாதனம் முதலில் விற்பனைக்கு வந்ததே பீன்ஸின் பெயரில்தான். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் இர்விங் நாக்ஸன் 1936-இல் இதற்குக் காப்புரிமை கோரி, 1940-இல் பெற்றார்; அவர் விற்ற சாதனத்தின் பெயர் 'நாக்ஸன் பீனரி'. பின்னர் ரைவல் நிறுவனம் அவருடைய நிறுவனத்தை வாங்கி, 1971-இல் அதையே 'கிராக்-பாட்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. வெள்ளை நிற கேனலினி விதைகளில் நச்சு, சிவப்பு ராஜ்மாவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். எனினும் எந்த நிற விதையானாலும் முதலில் கொதிக்கவைத்துவிடுவதே என் வழக்கம். டப்பாவில் அடைத்த பீன்ஸ் ஏற்கெனவே முழுமையாக வெந்தது என்பதால் அதற்கு இந்தக் கவலை இல்லை. அதிலுள்ள உப்புநீரை வடித்து, விதையை அலசி, கடைசி ஒரு மணி நேரத்தில் சேர்த்தால் போதும். டப்பாவை வாங்கும்போது மொத்த எடையைப் பார்க்காமல், வடித்த எடையைப் பாருங்கள். 400 கிராம் டப்பாவில் விதை ஏறக்குறைய 240 கிராம்தான் இருக்கும்.

கேள்வி: ஒரு கிலோ ஹாம் வாங்கித் துண்டுகளாக்கிப் போட்டேன். வெந்து முடிந்தபோது துண்டுகள் பாதியாகச் சுருங்கியிருந்தன; சூப் நீர்த்துப்போய், வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்பாக இருந்தது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஆம். சட்டம் இதை ஏமாற்று என்று சொல்லாமல் போகலாம், ஆனால் நான் அப்படித்தான் சொல்வேன். இந்த விஷயத்தைப் பற்றி வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் எழுதிவருகிறேன். இப்போதும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹாம் என்பது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை. பழைய முறையில் உலர் உப்பைத் தேய்த்து வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வைப்பார்கள். இறைச்சியிலிருந்து நீர் வெளியேறி, எடை குறையும். இன்று பெருமளவில் விற்கும் ஹாம் இதற்கு நேர் எதிரான வழியில் தயாராகிறது. உப்பு, நைட்ரைட், சர்க்கரை, பாஸ்பேட் ஆகியவை கரைந்த நீரை வரிசை வரிசையான ஊசிகள் மூலம் இறைச்சிக்குள் செலுத்துகிறார்கள். நைட்ரைட் நிறத்தையும் பாதுகாப்பையும் தருகிறது; அதில் எனக்குக் குறையில்லை. பாஸ்பேட், உட்சென்ற நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அளவோடு செய்தால் இறைச்சி மென்மையாக இருக்கும்; அளவு மீறினால், தண்ணீரை இறைச்சி விலைக்கு விற்கும் வேலை அது. அந்த நீரில் ஒரு பெரும் பகுதி உங்கள் குக்கரில் வெளியேறியிருக்கிறது. தன்னோடு உப்பையும் கொண்டுவந்ததால்தான் சூப் ஒரே நேரத்தில் நீர்த்தும் கரித்தும் போயிருக்கிறது.

இதை முழுவதும் மறைத்துச் செய்துவிட முடியாத வகையில் சில இடங்களில் விதிகள் உண்டு. அமெரிக்காவில், கொழுப்பை நீக்கிக் கணக்கிடும் புரத அளவு குறைந்தது 20.5 சதவீதம் இருந்தால்தான் வெறுமனே 'ஹாம்' என்று எழுதலாம். 18.5 சதவீதமென்றால் 'இயற்கைச் சாறுடன்' என்றும், 17 சதவீதமென்றால் 'தண்ணீர் சேர்க்கப்பட்டது' என்றும் எழுத வேண்டும். அதற்கும் கீழே போனால் 'ஹாமும் தண்ணீரும் கலந்த பொருள்' என்ற பெயரோடு, சேர்க்கப்பட்டவற்றின் சதவீதத்தையும் குறிப்பிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில், துண்டாகவோ சீவலாகவோ தோற்றமளிக்கும் இறைச்சிப் பொருளில் சேர்த்த நீர் 5 சதவீதத்தைத் தாண்டினால், அதைப் பொருளின் பெயரிலேயே சொல்லியாக வேண்டும். விதி இருந்தும் என்ன பயன்? அட்டையின் முன்புறத்தில் பெரிய எழுத்தில் 'ஹாம்' என்றும், மீதியைக் கண்ணைச் சுருக்கிப் படிக்கும் அளவில் கீழேயும் அச்சிடுகிறார்கள். நானும் இப்படியொரு பொட்டலத்தை வாங்கி, வாணலியில் இட்டதும் அது வதங்காமல் தன் நீரிலேயே கொதிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த நாட்டில் இருந்தாலும் உதவும் வழி ஒன்று உண்டு. ஊட்டச்சத்துக் கட்டத்தில் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு பொட்டலத்தில் 21 கிராமும் மற்றொன்றில் 14 கிராமும் இருந்து, இரண்டும் ஒரே விலை என்றால், இரண்டாவதில் ஒவ்வொரு கிராம் புரதத்துக்கும் நீங்கள் ஒன்றரை மடங்கு கொடுக்கிறீர்கள். சேர்பொருள் பட்டியல் எடையின் இறங்கு வரிசையில் எழுதப்படுவதால், அதில் தண்ணீர் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள்.

சூப்புக்கு மட்டும் என்றால், நீரேற்றிய துண்டுகளை விட்டுவிட்டு, புகையூட்டிய ஹாம் ஹாக் வாங்குங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலேயுள்ள இந்தப் பகுதியில் எலும்பும் தோலும் அதிகம், சதை குறைவு. அந்தத் தோலிலும் இணைப்புத் திசுவிலும் உள்ள கொலாஜன் பல மணி நேரச் சூட்டில் ஜெலட்டினாக மாறித்தான் சூப்புக்கு அடர்த்தி தருகிறது. இங்கே எலும்புக்குக் கொடுக்கும் பணம் வீணாவதில்லை.

கேள்வி: சூடாக இருந்த பீங்கான் பாத்திரத்தைக் குளிர்ந்த குழாய் நீரில் வைத்தேன், பிளந்துவிட்டது. வாரண்டியில் புதிது கேட்கலாமா? ரசீதும் கையேடும் தொலைந்துவிட்டன.

பதில்: கேட்க முடியாது. சூடான பீங்கானில் குளிர்ந்த நீர் படக் கூடாது என்று அந்தக் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். படிக்காமல் தொலைத்துவிட்டு என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வது? பாத்திரம் மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் விசாரியுங்கள்.

கேள்வி: பத்து மணி நேரம் ஆகியும் பீன்ஸ் கல்லாகவே இருக்கிறது. தக்காளியும் போட்டுப் பார்த்தேன். குக்கரை மாற்றலாமா?

பதில்: குக்கரை மாற்றுவதற்கு முன் தக்காளியை நிறுத்துங்கள். தக்காளி, வினிகர், எலுமிச்சை ஆகியவற்றின் அமிலம் விதையின் தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருளை இளக விடாது என்பதால், புளிப்பு எதுவானாலும் விதை வெந்த பிறகே சேர வேண்டும். கால்சியம் மிகுந்த கடின நீரும் இதே தொல்லையைத் தரும். ஊறவைக்கும் நீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து வையுங்கள். தோலிலுள்ள கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்வதால் தோல் மென்மையாகும். உப்புப் போட்டால் பீன்ஸ் வேகாது என்று சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். இவற்றையெல்லாம் செய்தும் வேகாவிட்டால், வெப்பமும் ஈரமும் நிறைந்த கிடங்கில் நெடுநாள் கிடந்த பழைய விதையை உங்களிடம் விற்றிருக்கிறார்கள். அப்படிப்பட்ட விதையை எந்தக் குக்கராலும் மீட்க முடியாது. மீதியுள்ள பொட்டலத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.

கேள்வி: உறைந்த ஹாமை அப்படியே குக்கரில் போடலாமா?

பதில்: கூடாது. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுவதும் இளகிய பிறகு போடுங்கள்.

கேள்வி: எட்டுப் பேருக்கு இந்தச் சூப் செய்ய எத்தனை லிட்டர் குக்கர் வாங்க வேண்டும்? அளவுகளையும் சொல்லுங்கள்.

பதில்: ஆறு லிட்டர் வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்டிருப்பது விளிம்பு வரை நிரப்பிய அளவு. பாதிக்கு மேலும் மூன்றில் இரண்டு பங்குக்குள்ளும் நிரப்பினால்தான் குக்கர் ஒழுங்காக வேலை செய்யும் என்பதால், ஆறு லிட்டரில் உங்களுக்குக் கிடைப்பது நான்கு லிட்டர்தான்.

அரை கிலோ சிறிய வெள்ளை பீன்ஸை இரவு முழுவதும் உப்பு நீரில் ஊறவைத்து, வடித்து, அலசி, முன்பு சொன்னபடி அடுப்பில் கொதிக்கவைத்து வடியுங்கள். அதோடு 700 கிராம் அளவுள்ள ஹாம் ஹாக், நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் இரண்டு, செலரித் தண்டு இரண்டு, பூண்டு மூன்று பல், மிளகு ஆகியவற்றைச் சேர்த்து, ஒன்றேமுக்கால் லிட்டர் நீர் ஊற்றுங்கள். குறைந்த சூட்டில் எட்டிலிருந்து ஒன்பது மணி நேரம், அல்லது கூடிய சூட்டில் ஐந்திலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். இடையில் மூடியைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஏறக்குறைய 20 நிமிடச் சூடு போய்விடும். வெந்ததும் ஹாக்கை எடுத்து, தோலையும் எலும்பையும் நீக்கி, சதையைப் பிய்த்துத் திரும்பப் போடுங்கள். இரண்டு கரண்டி பீன்ஸை மசித்துக் கலந்தால் சூப் தானாகவே கெட்டிப்படும். மாவு எதுவும் தேவையில்லை. உப்பை, ருசி பார்த்த பிறகு, கடைசியில் மட்டுமே சேர்க்க வேண்டும். பெரும்பாலும் ஹாமின் உப்பே போதுமானதாக இருக்கும்.

அமெரிக்க செனட் சபையின் உணவகத்தில் நூறாண்டுக்கும் மேலாகப் பரிமாறப்படும் பீன்ஸ் சூப்புக்கு இதைவிடவும் குறைவான பொருட்களே தேவைப்படுகின்றன: நேவி பீன்ஸ் எனப்படும் சிறிய வெள்ளை பீன்ஸ், ஹாம் ஹாக், வெங்காயம், வெண்ணெய், உப்பு, மிளகு, தண்ணீர். 'சூப் சுவையூட்டி' என்று விற்கும் பொட்டலங்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: பதினைந்து வகை விதைகள் கலந்த, 'ஹாம் சுவை'ப் பொடியுடன் வரும் பொட்டலம் வாங்கலாமா?

பதில்: சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள், அந்தப் பொடியில் ஹாம் இல்லாமலே இருக்கக்கூடும், உப்பு மட்டும் ஏராளமாக இருக்கும். ஒவ்வொரு வகை விதையும் ஒவ்வொரு நேரத்தில் வேகும் என்பதும், கலவையில் ராஜ்மா இருந்தால் முழுவதையும் கொதிக்கவைக்க வேண்டும் என்பதும் தனிக் கவலைகள். ஒரே வகை விதையாக வாங்குங்கள்.

கேள்வி: காலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, நண்பகலில் தானாகத் தொடங்கும்படி டைமர் வைக்கும் குக்கர் நல்லதா?

பதில்: ஹாம் போடும் சூப்புக்கு அந்த வசதி ஆபத்தானது. 4 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரையுள்ள சூட்டில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும் என்பதால், இறைச்சியை அறைவெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கவே கூடாது. இந்த ஒரு வசதிக்காகக் கூடுதல் விலை கொடுத்து நான் வாங்கிய குக்கரில் அந்தப் பொத்தானை இன்றுவரை பயன்படுத்த முடியவில்லை. சமைத்து முடித்ததும் தானாக 'சூடாக வைத்திரு' நிலைக்கு மாறும் டைமரே பயனுள்ளது. கடையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பயன்படுத்திய குக்கர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எப்படிச் சோதிப்பது?

பதில்: பாதிக்கு மேல் நீர் ஊற்றி, மூடி, குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம் ஓடவிட்டு, மூடியைத் திறந்த உடனே வெப்பமானியால் அளந்து பாருங்கள். 85 டிகிரியிலிருந்து 93 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் வாங்கலாம், குறைந்தால் வாங்காதீர்கள். விற்பவர் இந்தச் சோதனைக்கு நேரம் தர மறுத்தால், வாங்காமலிருக்க அதுவே போதுமான காரணம்.

கேள்வி: மீதியான சூப்பைப் பாத்திரத்தோடு குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் அதே குக்கரில் சூடாக்கலாமா?

பதில்: இரண்டுமே கூடாது. கனமான பீங்கானில் சூப் ஆறுவதற்கு நெடுநேரம் ஆகும். குளிர்ந்த பின் குக்கரில் அது சூடேறுவதற்கும் நெடுநேரம் ஆகும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மூன்று அல்லது நான்கு நாட்களுக்குள், தேவையான அளவை மட்டும் அடுப்பில் கொதிக்கவைத்துச் சாப்பிட்டு முடியுங்கள்.