வாசகர் கேள்வி – பதில்: வரப்போரத்து நரியும் ஓட்டுமேல் மரநாயும்

கரும்பு வெட்டும்போது தோட்டத்துக்குள் நான்கு நரிக்குட்டிகள் இருந்தன. தாயைக் காணோம். பாவமென்று ஆட்கள் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். பசும்பால் வைத்தோம், சரியாகக் குடிக்கவில்லை. இனி என்ன செய்வது?
– வாசகர், ஆத்தூர்

முதலில் பாலை நிறுத்துங்கள். நரிப்பாலோடு ஒப்பிட்டால் பசும்பாலில் கொழுப்பும் புரதமும் குறைவு, பால் சர்க்கரை அதிகம். குட்டிக்கு வயிற்றுப்போக்கு பிடித்து உடம்பில் நீர் வற்றிவிடும். மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் இறங்கி, இரண்டு மூன்று நாளில் சளிக்காய்ச்சலில் செத்துப்போகும். வீட்டில் வளர்க்கப் பார்த்த குட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றால்தான் சாகின்றன.

உங்கள் குட்டிகள் அநேகமாகத் தாயில்லாக் குட்டிகள் அல்ல. ஆள் சத்தம் கேட்டுத் தாய் ஒதுங்கியிருக்கும். நரிகளில் தாயும் தகப்பனும் சேர்ந்தே குட்டி வளர்க்கும். இரண்டும் எங்கோ பக்கத்துக் காட்டிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறு. இன்று பொழுது சாய்வதற்குள் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வையுங்கள்.

வைக்கும் முறை இது. தக்காளிக் கிரேடு போல ஓரடி உயரத்துக்கு மேற்படாத பெட்டியில் காய்ந்த கரும்புச் சோகையைப் பரப்பிக் குட்டிகளை விடுங்கள். குட்டி ஏறி வெளியே போகக் கூடாது, தாய் எட்டிக் கவ்வ முடிய வேண்டும். அதற்குத்தான் இந்த உயரம். எறும்புப் புற்று இல்லாத நிழலான இடமாகப் பாருங்கள். குட்டிக்கு இன்னும் கண் திறக்கவில்லை என்றால், வெதுவெதுப்பான நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் குட்டி மறுபாதிக்கு நகர இடம் வேண்டும். ஊர் நாய்களைக் கட்டிப்போட்டுவிட்டு, கூப்பிடு தூரத்துக்கும் அப்பால் எல்லோரும் விலகிவிடுங்கள். டார்ச் அடித்துப் பார்க்கப் போகாதீர்கள். அப்படிப் பார்க்கப் போவதால்தான் பல நேரம் தாய் வராமல் போகிறது.

தாய் ஒவ்வொரு குட்டியாகத்தான் கவ்விக்கொண்டு போகும். விடியும்போது இரண்டு குட்டிகள் மிச்சமிருந்தால் கைவிட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வேலை நடுவில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு ராத்திரி கொடுங்கள்.

தாய் செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்திருந்தாலோ, குட்டியின் உடம்பு சில்லிட்டிருந்தாலோ, மேலே ஈ முட்டை வைத்திருந்தாலோ காத்திருக்க வேண்டாம். அட்டைப்பெட்டியில் துணி போட்டு, காற்றுக்கு ஓட்டை குத்தி, மூடி இருட்டாக வைத்து, உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். சட்டப்படி காட்டு விலங்கு அரசின் சொத்து. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவித்தாக வேண்டும். நல்லெண்ணத்தில் வளர்த்தாலும் குற்றம் குற்றம்தான்.

அடுத்த வெட்டுக்கு ஒரு யோசனை. தை முதல் சித்திரை வரை குட்டிகள் இருக்கும் காலம். தோட்டத்தை நாலாபுறமிருந்தும் வெட்டி நடுவுக்கு நெருக்காதீர்கள். ஒரு பக்கமிருந்து வெட்டிக்கொண்டு போனால் உள்ளே இருப்பவை மறுபக்கம் நகர்ந்துவிடும். குட்டி தென்பட்டால் சுற்றிலும் பத்தடிக் கரும்பை இரண்டு நாள் நிற்கவிடுங்கள். சோகைக்குத் தீ வைக்குமுன் ஒருமுறை உள்ளே நடந்து பாருங்கள். கரும்புக்குள் காட்டுப்பூனையும் குட்டி போடும், அதைச் சிறுத்தைக்குட்டி என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள்.

நரி, குள்ளநரி, வங்காநரி எல்லாம் ஒன்றா?
– வாசகி, விருதுநகர்

இல்லை. நம் ஊரில் இரண்டு வகை உண்டு. ராத்திரி கூட்டமாக ஊளையிடுவது பெரிய வகை, பொதுவாக நரி என்பது இதைத்தான். எடை 8 முதல் 11 கிலோ, தெருநாய் உயரம், வால் கொஞ்சம் குட்டை. சின்ன வகைக்கு எடை 2, 3 கிலோதான். கால் ஒல்லி, காது பெரிது, வால் உடம்பில் பாதிக்கு மேல் நீளம், நுனி கறுப்பு. பொட்டல் காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் வங்கு தோண்டி வாழும். கறையான், வண்டு, எலி, நண்டு, இலந்தைப்பழம் என்று தின்னும். வங்கில் இருப்பதால் சேலம் பக்கம் அதை வங்காநரி என்கிறார்கள். ‘குள்ளநரி’ என்ற பெயரை ஊருக்கு ஊர் இரண்டுக்குமே சொல்வதால்தான் இந்தக் குழப்பம். வனத்துறைக்குத் தகவல் சொல்லும்போது பெயரைவிட உயரத்தையும் வால் நுனியையும் சொல்லுங்கள்.

பொங்கலுக்கு நரி முகத்தில் முழிப்பது நல்லது என்று எங்கள் பக்கம் வலை போட்டு வங்காநரி பிடிப்பார்கள். விளையாட்டு முடிந்ததும் விட்டுவிடுகிறார்களே, அதில் என்ன கெடுதல்?
– வாசகி, வாழப்பாடி

விட்டதும் ஓடுகிறதே, பிழைத்துவிட்டது என்றுதான் தோன்றும். காட்டு விலங்கை வலையில் மடக்கி, காலில் கயிறு கட்டி, மேளமும் கூச்சலுமாகக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தினால் அதன் உடல் வெப்பம் எகிறும், தசைநார்கள் சிதையத் தொடங்கும். சிதைந்த தசையின் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ வங்குக்குள் போய் யார் கண்ணிலும் படாமல் சாகும். பிடித்தவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை. மார்கழி, தை இவை இணை சேரும் மாதங்கள். சினைக்காலம் 50 நாளுக்குச் சற்றுக் கூடுதல். ஆகவே பொங்கலன்று பிடிபடும் பெட்டை வயிற்றில் குட்டியோடு இருக்கலாம்.

சட்டத்தில் பிடிப்பதும் வேட்டைதான். 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2023 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபின், வங்காநரி போல முதல் அட்டவணையில் (மிகக் கூடுதல் பாதுகாப்புப் பட்டியலில்) உள்ள விலங்கைப் பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். விழாவை விட வேண்டாம், வலையை மட்டும் விடுங்கள். மரத்திலோ துணியிலோ நரி உருவம் செய்து ஊர்வலம் விடலாம். வங்கு இருக்கும் மேட்டை ஜேசிபி கொண்டு சமன்படுத்தாமல் வைத்திருந்தால் பொங்கலுக்கு மட்டுமல்ல, ஆண்டு முழுக்க விடியற்காலையில் நரி முகத்தில் முழிக்கலாம்.

நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஒரு மாதத்தில் பதினொரு கோழி போய்விட்டது. நரி என்கிறார்கள். மருந்து வைக்கச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

மருந்து வேண்டவே வேண்டாம். குருணை மருந்து வைத்த கறியை உங்கள் வீட்டு நாயும் தின்னும், பருந்தும் தின்னும். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த நாட்டுவெடி) வைப்பது இன்னும் கொடுமை. வாய் சிதறிய நரி நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். பலனாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. ஒரு ஜோடி நரி தனக்கென்று எல்லை வகுத்து மற்ற நரிகளை உள்ளே விடாது. அதைக் கொன்றால் காலியான இடத்துக்கு வேறு நரி வரும்.

முதலில் வந்தது யார் என்று பாருங்கள். கோழியையே காணோம், இறகு மட்டும் வேலியோரம் கிடக்கிறது என்றால் பெரும்பாலும் நரி. கூண்டுக்குள் கழுத்தில் கடிபட்டு நாலைந்து செத்துக் கிடந்தால் கீரி அல்லது மரநாய். குஞ்சு மட்டும் குறைந்தால் தரையில் பெருச்சாளி வளை இருக்கிறதா என்று பாருங்கள். கூண்டைச் சுற்றி மணலைச் சலித்துப் பரப்பி வைத்தால் காலையில் காலடி சொல்லிவிடும்.

கடைகளில் கோழிவலை என்று விற்கும் அறுகோண வலை கோழி வெளியே போகாமலிருக்கத்தான். நரி பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்குங்கள். அதைச் சுவரடியோடு நிறுத்தாமல், வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்குத் தரையில் மடித்துப் பரப்பி, கல் வைத்து மண் போட்டு மூடுங்கள். தோண்டும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும். கம்பி தட்டினால் இரண்டடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தெரிவதில்லை. மேலே கூரை முழுக்க மூடியிருக்க வேண்டும், மரநாய் ஏறிவரும். கதவுக்கடியில் இரண்டு அங்குல இடைவெளி இருந்தால் கீரிக்குப் போதும், அங்கே செங்கல் வைத்துப் பூசிவிடுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு ஆறரை மணிக்குக் கூண்டை மூட மறந்தால் எல்லாம் வீண். கோழிகள் போவது பெரும்பாலும் மூடுமுன்பான அந்த அரைமணி நேரத்தில்தான். மினுக்கும் விளக்கு நாலு நாள் பயமுறுத்தும், பிறகு பழகிவிடும். செத்த கோழியையும் குடலையும் வேலிக்கு வெளியே எறியாதீர்கள், நீங்களே விருந்துக்கு அழைப்பது போல. இரண்டடி ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

வேலியில் வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கொடுப்பது நரியோடு நிற்காது. தண்ணீர் பாய்ச்ச வரும் மனிதரையும் கொல்லும், குற்றமும் கூட.

கிணற்றில் நரி விழுந்து தத்தளிக்கிறது. தீயணைப்பு வண்டி வரும்வரை என்ன செய்யலாம்?
– வாசகர், மணப்பாறை

நீச்சலில் சோர்ந்துபோய் மூழ்குவதுதான் முதல் ஆபத்து. ஆகவே முதலில் மிதவை. இரண்டு மூன்று வாழைமரத்தைச் சேர்த்துக் கட்டியோ, லாரி டியூபில் சாக்கு கட்டியோ மெதுவாக இறக்குங்கள். நரி அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவசரம் போய்விட்டது. 101க்கும் வனத்துறைக்கும் சொல்லிவிட்டுக் கூட்டத்தைக் கலைப்பதுதான் அடுத்த வேலை.

கழுத்தில் சுருக்குப் போட்டு இழுக்காதீர்கள், மூச்சு முட்டிச் செத்துவிடும். பாழுங்கிணற்றில் ஆளை இறக்கவே கூடாது. அடியில் நச்சுக்காற்று தேங்கியிருக்கும். விலங்கைக் காப்பாற்ற இறங்கிய மனிதர்கள் மயங்கிச் செத்திருக்கிறார்கள்.

தண்ணீர் மேலேயே இருந்தால், அகலப் பலகையில் அரையடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடித்து, சாக்கு சுற்றி, சாய்வாக வைத்துவிட்டு எல்லோரும் போய்விடுங்கள். ராத்திரி தானாக ஏறிப் போய்விடும். ஆழமானால் அகலக் கூடையோ கூண்டோதான். ஏறி வந்ததும் ஓட ஒரு பக்கம் ஆளில்லாமல் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிரண்டு மறுபடி உள்ளே குதிக்கும். பிறகு மறக்காமல் மூன்றடிக் கைப்பிடிச் சுவர் கட்டுங்கள்.

ஓட்டு வீட்டு மச்சில் மரநாய் குடும்பம். ராத்திரி தூங்க முடியவில்லை. விரட்டுவது எப்படி?
– வாசகி, நாகர்கோவில்

குட்டி இருந்தால் அது வளர்ந்து தாயோடு வெளியே போகத் தொடங்கும்வரை பொறுங்கள். தாயை வெளியே விட்டு ஓட்டையை அடைத்தால் குட்டிகள் உள்ளே செத்து நாறும், தாய் கூரை ஓடுகளைப் பிரிக்கும். குட்டி இல்லையென்றால் மச்சில் விளக்கும் ரேடியோவும் பகல் முழுக்க ஓடட்டும். போய்வரும் வழியில் சாயங்காலம் கோலமாவு தூவி, வெளியே போகும் காலடி பதிந்ததைப் பார்த்தபின் கம்பிவலை அடித்து மூடுங்கள். கூரைமேல் சாயும் கிளைகளை ஆறடி தள்ளி வெட்டுங்கள். அந்துருண்டை வேலை செய்யாது, நெடி உங்களுக்குத்தான் கெடுதி.

எங்கள் லேஅவுட்டுக்கு ஒரு நரி தினமும் வருகிறது. குழந்தைகள் பிஸ்கட் போடுகிறார்கள். போடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

கூடாது. மனிதரிடம் அச்சம் தெளிந்த நரி அடுத்த தெருவில் கல்லடி பட்டுச் சாகும். அதோடு தீனி வைக்கும் இடத்தில் நாயும் நரியும் ஒரே தட்டில் வாய் வைக்கும். டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்கள், சொறி எல்லாம் நாயிடமிருந்து நரிக்குத் தாவும். மகாராஷ்டிராவின் நான்னஜ் புல்வெளிப் பக்கத்தில் நாய்களிலும் நரிகளிலும் டிஸ்டெம்பர், பார்வோ தொற்றின் தடயம் கிடைத்திருக்கிறது. நரிக்கு நன்மை செய்ய விரும்பினால் தெருநாய்களுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யுங்கள். குட்டிநாய்க்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும்.

பகலில் வந்த நரி ஆட்டையும் மேய்த்தவரையும் கடித்துவிட்டது. அது வெறிநரியா?
– வாசகர், அறந்தாங்கி

பகலில் நடமாடுவது மட்டும் வெறிக்கு அடையாளமல்ல. குட்டிக்காரி பகலிலும் இரை தேடும். ஆனால் துரத்தாமலே மேலே விழுந்து கடித்தால் வெறி என்றே வைத்துக்கொள்ளுங்கள், சோதித்துப் பார்க்கக் காத்திருக்காதீர்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28ஆம் நாட்களில் (முதல் ஊசி போடும் நாள்தான் 0). ரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்பு மருந்து) போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். முதல் ஊசியன்றே போடுவது நல்லது, அந்த ஊசியிலிருந்து ஏழு நாளுக்குப் பின் போட முடியாது. காயம் ஆறிவிட்டதென்று மூன்றாவது ஊசியோடு நின்றுவிடக் கூடாது.

ஆட்டின் காயத்தையும் கையுறை போட்டு அதேபோல் கழுவுங்கள். தனியே கட்டி, கால்நடை மருத்துவரிடம் 0, 3, 7, 14, 28ஆம் நாட்களில் ஊசி போடுங்கள். அதன் பாலைக் கறந்து காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். எச்சில் வடிந்தாலோ, குரல் மாறினாலோ, வாயைத் திறந்து கையை விட்டுப் பார்க்க வேண்டாம்.