மிச்சமான காகித டேப்பை வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: பரிசுப் பொட்டலம் கட்டுவதற்காகப் பூப்போட்ட காகித டேப் ஒரு பெட்டி வாங்கினேன். முக்கால்வாசி மிச்சம். நாங்கள் இருப்பது வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்க முடியாது. இந்த டேப்பை வைத்து வீட்டை அழகுபடுத்தலாமா? சுவரில் பெயின்ட் உரிந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: தாராளமாகச் செய்யலாம். உங்களிடம் இருப்பது வாஷி டேப், அதாவது ஜப்பானிய பாணிக் காகித டேப். பெயின்ட் அடிக்கும்போது ஓரங்களில் ஒட்டும் மாஸ்கிங் டேப்தான் இதற்கு மூலம். இதைப் பிரபலமாக்கிய ஜப்பானின் கமோய் நிறுவனம், 1923இல் ஈ பிடிக்கும் ஒட்டுத்தாள் செய்யத் தொடங்கியது. ஒட்டினால் விடாத பொருளில் ஆரம்பித்தவர்கள், இழுத்தால் வந்துவிடும் டேப்புக்குப் பெயர் வாங்கியிருக்கிறார்கள்! கழற்றி எடுக்க முடிவதுதான் இதன் பெரிய பலம். அதனால், நாளைக்கு மாற்ற நினைக்கும் இடங்களில் ஒட்டுங்கள். காலத்துக்கும் நிற்க வேண்டியதற்கு இது வேண்டாம்.

சுவர் விஷயத்தில், முதலில் கதவுக்குப் பின்னால் ஒரு துண்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டு உரித்துப் பாருங்கள். புதிதாக பெயின்ட் அடித்த சுவர் என்றால் ஒரு மாதமாவது காய விடுங்கள். கையில் மாவு போல ஒட்டும் சுண்ணாம்புச் சுவரில் டேப் நிற்காது. உரிக்கும்போது வெளியே பார்த்து இழுக்காமல், டேப்பை அதன் மேலேயே மடக்கி, சுவரையொட்டி மெதுவாக இழுங்கள். பெயின்ட் உரிவது பெரும்பாலும் அவசரத்தால்தான்.

சரி, எங்கே ஒட்டலாம்? சட்டம் போடாத படங்களைச் சுற்றி நான்கு பக்கமும் ஒட்டினால் அதுவே சட்டம். ஆனால் புகைப்படத்தின் மேலேயே ஒட்டாதீர்கள், ஒரு அட்டையில் வைத்து அட்டையின் ஓரத்தில் ஒட்டுங்கள். அலமாரித் தட்டுகளின் முன்விளிம்பில் ஒரே நிறத்தில் ஒட்டினால் பழைய அலமாரிக்கும் களை வந்துவிடும். குழந்தைகளுக்குத் தரையில் பொம்மைக் கார் ஓட சாலை போட்டுக் கொடுக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த உபயோகம் அலங்காரமே இல்லை. சோபாவோ கட்டிலோ வாங்கும் முன், அதன் நீள அகலத்தைத் தரையில் இந்த டேப்பால் கோடு போட்டுவிட்டு ஓரிரு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். கதவு திறக்கிறதா, அலமாரியைத் திறக்க இடம் இருக்கிறதா என்று கடைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும். திருப்பிக் கொடுக்க முடியாத பெரிய செலவு ஒன்றிலிருந்து மிச்சத் துண்டு காப்பாற்றிவிடும்.

அப்புறம், சார்ஜர் ஒயர்களில் கொடி மாதிரி மடித்து ஒட்டிப் பெயர் எழுதலாம். டப்பாக்களில் திறந்த தேதி எழுதி ஒட்டலாம். ஒயரின் மேலுறை கிழிந்திருந்தால் மட்டும் தயவுசெய்து இதை ஒட்டாதீர்கள். இது காகிதம், மின்சாரத்தைத் தடுக்காது. மெழுகுவர்த்தி, அடுப்பு, சூடாகும் பல்பு பக்கமும் கூடாது.

கேள்வி: வாஷி டேப் என்று வாங்கியது பிளாஸ்டிக் போல வழவழவென்று இருக்கிறது. எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: அச்சிட்ட பிளாஸ்டிக் டேப்பும் இந்தப் பெயரில் விற்பனைக்கு வருகிறது. காகித டேப் கையாலேயே கிழியும், பால்பாயின்ட் பேனாவால் எழுத வரும். இழுத்தால் நீண்டுகொண்டே போனால் அது பிளாஸ்டிக்.

ரோலின் பருமனை நம்பாதீர்கள். நடுவில் உள்ள அட்டை வளையம் பெரிதாக இருந்தால் கொஞ்சம் டேப்பே நிறையத் தெரியும். நீளம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 15 மில்லிமீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும் உள்ள ரோல் 0.15 சதுர மீட்டரைத்தான் மூடும். 60 சென்டிமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள கதவை முழுதாக மூட நான்கு ரோல் வேண்டும். ஆகவே முழுதாக மூடுவதைவிட, ஓரங்களுக்கும் கோலங்களுக்கும் வாங்குவதே கட்டுப்படியாகும். இன்னொன்று: வெளிர்நிற டேப்பில் பின்னாலிருக்கும் நிறம் தெரியும். கறுப்பு மேசையில் ஒட்ட நினைத்தால் அழுத்தமான நிறமாகப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: ஜன்னல் கண்ணாடியில் பல மாதம் ஒட்டியிருந்த டேப் பிய்ந்து பிய்ந்து வருகிறது, பசையும் நிற்கிறது.

பதில்: வெயில் பட்டால் பசை இறுகிவிடும். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, ஓரத்திலிருந்து உரியுங்கள். மிச்சப் பசையில் சமையல் எண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, துடைத்துவிட்டு சோப்பால் கழுவுங்கள். இந்த எண்ணெய் வைத்தியம் கண்ணாடிக்கு மட்டும். சுவருக்கும் காகிதத்துக்கும் வேண்டாம், கறை பிடித்துவிடும்.