"எல்லாருக்கும் ஒரே விதி" என்று பள்ளி சொன்னால் என் மகளின் லேப்டாப்பை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சிபிஎஸ்இ பாடத்திட்டம், தனியார் பள்ளி. பார்வைக் குறைபாடு 75 சதவீதம் என்று சான்றிதழ் இருக்கிறது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, ஹெட்போன் வைத்துக்கொண்டுதான் படிக்கிறாள், குறிப்பெடுக்கிறாள். போன வருடம் வரை யாரும் தடுக்கவில்லை. இப்போது வந்திருக்கும் முதல்வர், "மின்னணுச் சாதனம் யாருக்கும் கிடையாது, ஒருவருக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள்" என்கிறார். புத்தகத்தின் சாஃப்ட் காப்பி கேட்டால், பதிப்பகத்தின் காப்புரிமை என்று மறுக்கிறார்கள். பார்வையற்றோர் பள்ளியில் சேர்ப்பதுதான் நல்லது என்றும் சொல்கிறார்கள். சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, தெளிவாகவே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 16-ஆம் பிரிவு அரசு நிதி பெறும் பள்ளிகளோடு நிற்பதில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் அதில் அடக்கம். அதனால் "நாங்கள் தனியார்" என்ற பதில் இங்கே செல்லாது. குழந்தையைப் பாகுபாடின்றிச் சேர்ப்பதோடு, அந்தக் குழந்தையின் தேவைக்கு ஏற்ற நியாயமான வசதியைச் செய்து தருவதும், பார்வையற்ற குழந்தைக்குப் பொருத்தமான முறையில் பாடம் போய்ச் சேர்வதை உறுதிசெய்வதும் அந்தப் பிரிவு விதிக்கிற கடமைகள்.

"எல்லாருக்கும் ஒரே விதி" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த விதியால் மற்ற பிள்ளைகள் இழப்பது ஒரு கருவியை. உங்கள் மகள் இழப்பது புத்தகத்தையும் நோட்டையும் சேர்த்து. இந்த வேறுபாட்டைச் சட்டம் முன்கூட்டியே யோசித்திருக்கிறது: நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்று பிரிவு 2(எச்) சொல்கிறது. பள்ளிக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. உச்ச நீதிமன்றம் 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், சட்டம் வைத்திருக்கும் 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்பை எட்டாதவருக்கும் தேர்வில் எழுத உதவியாளரை மறுக்கக் கூடாது என்றது. உங்கள் மகள் அந்த வரம்பைத் தாண்டியவள். பிறகு தயக்கம் எதற்கு?

பள்ளிக்கு ஒரே ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது. கேட்கும் வசதி தன் சக்திக்கு மீறிய சுமை என்றால் மறுக்கலாம் என்று சட்டம் இடம் விட்டிருக்கிறது. இங்கே சுமை என்ன? லேப்டாப் உங்களுடையது. என்விடிஏ இலவச மென்பொருள். ஹெட்போன் இருப்பதால் வகுப்புக்குத் தொந்தரவும் இல்லை. பள்ளி தர வேண்டியது சார்ஜ் போட ஒரு இடம், அவ்வளவுதான். 18 வயது வரை உதவி உபகரணங்களை இலவசமாகத் தரும் பொறுப்பைப் பிரிவு 17 அரசின் மீதும் உள்ளாட்சி அமைப்புகளின் மீதும்தான் வைத்திருக்கிறது. லேப்டாப் வாங்கித் தரும்படி பள்ளியை நீங்கள் வற்புறுத்தினால் வழக்கு பலவீனமாகும். இருப்பதைப் பயன்படுத்த விடுங்கள் என்று மட்டும் கேளுங்கள்.

காப்புரிமை விஷயத்தில் பள்ளி சொல்வது முழுத் தவறு. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பிரிவு 52(1)(இசட்பி) சேர்க்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக ஒரு நூலை அவர்கள் அணுகக்கூடிய வடிவத்துக்கு மாற்றவும் பகிரவும் யாருக்கும் அது அனுமதி தருகிறது. பதிப்பகத்தின் சம்மதம் தேவையில்லை. ஆசிரியரே செய்யலாம், நீங்களும் செய்யலாம். பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைப்பதற்கான மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில், 2014-இல், ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா. இந்த நாட்டில் ஒரு பள்ளி காப்புரிமையைக் காட்டிப் பாடப் புத்தகத்தை மறுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. என்சிஇஆர்டி நூல்கள் எப்படியும் இணையத்தில் இலவசம். மற்றவற்றுக்குக் கோப்பு கேட்கும்போது வடிவத்தையும் எழுதுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம்தான், என்விடிஏ அதை அப்படியே வாசிக்காது. தமிழ்ப் பாடம் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், காதில் குப்பையாக விழும். "யூனிகோட் எழுத்துள்ள வேர்டு கோப்பு" என்று குறிப்பிட்டுக் கேட்டுவிட்டால் பின்னால் சண்டை வராது.

சிறப்புப் பள்ளி யோசனைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்ற தேர்வைப் பிரிவு 31 குழந்தைக்குத்தான் தந்திருக்கிறது, முதல்வருக்கு அல்ல. டி.சி. வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. நேரில் பேசியது போதும், முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சான்றிதழ் நகலை இணையுங்கள். என்ன பாடத்தில், எதற்காக லேப்டாப் தேவை என்று உங்கள் மகளையே கேட்டு, அவள் சொல்வதை எழுதுங்கள். கரும்பலகையில் எழுதுவதை ஆசிரியர் வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பது போல நாம் நினைக்காத ஒன்றை அவள் சொல்லக்கூடும். தேர்வின்போது இணைய இணைப்பைத் துண்டித்து, இயந்திரத்தைக் கணினி ஆசிரியரிடம் சோதனைக்குக் கொடுக்கத் தயார் என்றும் சேருங்கள். பொதுத்தேர்விலேயே இப்படிப்பட்ட நிபந்தனைகளோடு சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குக் கணினியை சிபிஎஸ்இ 2018 முதல் அனுமதிக்கிறது. 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம் கூடுதலாகவும் தருகிறது. பொதுத்தேர்வில் செல்லுபடியாவது ஏழாம் வகுப்பில் எப்படிச் செல்லாது?

எழுத்துப்பூர்வமான பதிலைப் பதினைந்து நாளுக்குள் கேளுங்கள். சில பள்ளிகள் உறுதிமொழிப் படிவம் நீட்டும். லேப்டாப் தொலைந்தால் பள்ளி பொறுப்பல்ல என்றிருந்தால் கையெழுத்துப் போடலாம். குழந்தையின் படிப்புக்கே பொறுப்பல்ல என்றிருந்தால் வேண்டாம்.

பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்புங்கள், சிபிஎஸ்இ மண்டல அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. அவர் தருவது பரிந்துரைதான். ஆனாலும் அதன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று சம்பந்தப்பட்ட அதிகாரி 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தேர்வு நெருங்கிவிட்டால் அதற்குக் காத்திருக்காமல், அரசியல் சாசனப் பிரிவு 226-இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு இடைக்கால உத்தரவு கேட்கலாம். சட்டம் விதித்த பொதுக் கடமை என்பதால் தனியார் பள்ளி மீதும் அந்த வழியை முயலலாம். வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குச் சான்றிதழையும் பள்ளிக்குக் கொடுத்த கடிதத்தின் நகலையும் எடுத்துப் போங்கள்.