இடது பக்கம் இழுக்கும் குதிரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாதம் நீங்கள் டிவி கேம் பற்றி எழுதியதைப் படித்த பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன். எனக்கு வயது 44. பள்ளியில் கணக்கு ஆசிரியை. என் தம்பி வெளிநாடு போகும்போது தன் கேம் கன்சோலை, அதுதான் டிவியில் மாட்டி விளையாடும் பெட்டியை, எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். பையன் பத்து நாள் விளையாடிவிட்டு மொபைலுக்கே திரும்பிவிட்டான். நான் தொட்டேன், விட முடியவில்லை. இரவு எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்த பிறகு ஒரு மணி நேரம். குதிரையில் ஏறி மலை, ஆறு, காடு என்று சுற்றும் விளையாட்டு. ஆரம்பத்தில் எந்தப் பொத்தான் எங்கே என்று குனிந்து குனிந்து பார்ப்பேன். இப்போது விரல் தானாகப் போகிறது. என் மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். முடக்குவாதத்தால் அவருக்கு வலது கை விரல்கள் மடங்காது. "அந்தக் குதிரை களைச்சுப்போச்சு பாரு, தண்ணி காட்டு" என்பார்.

போன வாரம் வந்திருந்த நாத்தனார் இதைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இது என்ன விளையாட்டு அண்ணி?" என்று கேட்டாள். பையனுக்காகச் சரிபார்க்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டேன். அது உறுத்துகிறது. அன்றிலிருந்து சத்தத்தைக் குறைத்துவைத்துத்தான் விளையாடுகிறேன்.

இன்னொன்று. கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலரில், கட்டைவிரலால் அசைக்கும் இடது ஸ்டிக்கைத் தொடாமலே குதிரை இடது பக்கமாகப் போகிறது. கடையில் புதிது வாங்கச் சொல்கிறார்கள், ஐந்தாயிரத்துக்கு மேல் ஆகுமாம். ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு செலவு செய்யலாமா?

எஸ்., திண்டுக்கல்

*

அன்புள்ள எஸ்.,

குதிரையிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு வழி இருக்கிறது.

பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டும் திருகைத் திருப்பினால் கரகரவென்று ஒலி வருமே, நினைவிருக்கிறதா? உங்கள் கன்ட்ரோலருக்கு வந்திருப்பதும் பெரும்பாலும் அதே நோய்தான். ஸ்டிக்குக்கு அடியில் பொட்டன்ஷியோமீட்டர் என்ற சின்னப் பாகங்கள் இரண்டு இருக்கும். ஒன்று இட வலம் பார்க்கும், இன்னொன்று மேல் கீழ். உள்ளே கரிப்பூச்சு பூசிய ஒரு தடம், அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் மெல்லிய உலோக நாக்கு. நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும். உங்கள் கட்டைவிரல் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கன்சோல் கணக்கிடுவது அதை வைத்துத்தான். உரச உரசப் பூச்சு தேயும், தூசி சேரும். நீங்கள் கையை எடுத்த பிறகும் "கொஞ்சம் இடது பக்கம் இருக்கிறேன்" என்று அந்தப் பாகம் தப்பாகச் சொல்லும். குதிரை அதை நம்பிப் போகிறது. டிரிஃப்ட் என்பார்கள்.

என் மகளின் கன்ட்ரோலருக்கு இது வந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேருமாகத் திறந்து பார்த்தோம். ஸ்டிக்கின் கழுத்தைச் சுற்றி முகப்பவுடர் போல வெள்ளைப் பொடி. சுற்றியிருக்கும் வளையத்தில் கழுத்து உரசி உரசி உதிர்ந்த பிளாஸ்டிக் அது. அவள் அதை விரலில் தொட்டுப் பார்த்து, "இவ்வளவு தூரமா ஓடியிருக்கேன்?" என்று கேட்டாள். அந்தப் பொடியை ஊதித் தள்ள எனக்கு மனசே வரவில்லை.

நீங்கள் முதலில் விளையாட்டின் அமைப்புகளில் டெட் சோன் என்று இருக்கிறதா பாருங்கள். அதைச் சற்றுக் கூட்டினால் ஸ்டிக்கின் சின்னச் சின்ன அசைவுகளை விளையாட்டு கண்டுகொள்ளாது. அதற்கும் அடங்கவில்லை என்றால், கன்ட்ரோலரை அணைத்துவிட்டு ஸ்டிக்கின் அடியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, நன்றாகச் சுழற்றி, முழுக்கக் காயவிடுங்கள். ரேடியோ மெக்கானிக்குகள் திருகுக்குச் செய்த அதே வைத்தியம். தூசிதான் காரணம் என்றால் கொஞ்ச காலம் தாங்கும். பூச்சே தேய்ந்திருந்தால் ஸ்டிக்கை மாற்றுவதுதான் வழி. பொதுவாக 14 இடங்களில் பற்றவைப்பை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். கை சுத்தமான மொபைல் சர்வீஸ்காரர் செய்துவிடுவார். அப்படி மாற்றும்போது ஹால் எஃபெக்ட் ஸ்டிக் கிடைக்குமா என்று கேளுங்கள். அதில் அளக்கும் இடத்தில் உரசல் கிடையாது, காந்தம் நகர்வதை உணர்கருவி தொடாமலே அளக்கும். இது புதுமை ஒன்றும் இல்லை, 1998-இல் வந்த சேகா டிரீம்காஸ்ட் என்ற கன்சோலின் கன்ட்ரோலரிலேயே இருந்தது. இத்தனை ஆண்டு கழித்தும் தேய்ந்துபோகும் ஸ்டிக்கை வைத்தே விலை உயர்ந்த கன்ட்ரோலர்கள் வருவது எனக்குக் கோபம் தருகிற விஷயம்.

விரல் தானாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது. நீங்கள் ஆசிரியை என்பதால் ஒன்று சொல்கிறேன். நம் ஊரில் சரியான விடைக்கு டிக் போடுகிறோம். ஜப்பானில் வட்டம் போடுவார்கள். அதனால்தான் 1994-இல் சோனியின் பிளேஸ்டேஷன் கன்சோல் வந்தபோது, பொத்தான்களுக்குக் குறிகள் வரைந்த தெய்யு கோட்டோ, வட்டத்தை 'சரி' என்றும் பெருக்கல் குறியை 'வேண்டாம்' என்றும் வைத்தார். அமெரிக்காவுக்குப் போன விளையாட்டுகளில் இது தலைகீழாகி, பெருக்கல் குறியே 'சரி' ஆனது. 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது ஜப்பானிலும் அப்படியே மாற்றிவிட்டார்கள். 26 ஆண்டுகளாக வட்டத்துக்குப் பழகிய கட்டைவிரல்களை நினைத்துப் பாருங்கள். மனசு புரிந்துகொண்டுவிடும். விரலுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது? அரிசிமாவை எடுத்ததும் புள்ளிக்குப் போகும் விரல், பூக் கட்டும்போது பார்க்காமலே முடிச்சுப் போடும் விரல், அந்த வரிசையில்தான் உங்கள் கட்டைவிரலையும் வைக்கிறேன். 44 வயதில் கைக்குப் புதிதாக ஒரு வித்தை வந்திருக்கிறது. அதைப் போய் மறைப்பார்களா?

சரி, அந்தப் பொய்க்கு வருகிறேன். பரமபதம் எங்கள் வீட்டில் பரணில்தான் கிடக்கும். வைகுண்ட ஏகாதசி இரவு மட்டும் இறங்கும், கண்விழிக்க வேண்டுமே என்று. தாயம் உருட்டினால் வீட்டுக்கு ஆகாது, கடன் வரும், சண்டை வரும் என்று பாட்டி சொல்வார். அதே பாட்டி ஏகாதசி அன்று, ஏணியில் ஏறிவிட்டால் குழந்தை போலக் கைதட்டுவார். பாம்பு கடித்து இறங்கினால் அப்படியொரு கோபம். ஆண்கள் திண்ணையில் வருஷம் முழுக்கச் சீட்டாடினார்கள். அவருக்கு வருஷத்தில் ஓர் இரவு, அதுவும் பெருமாள் பெயரைச் சொல்லி. நம் வீடுகளில் வளர்ந்த பெண்கள் விளையாட வேண்டுமென்றால் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பையனுக்காகச் சரிபார்க்கிறேன் என்று நீங்கள் சொன்னதும் அந்தச் சாக்குகளில் ஒன்று. உங்கள்மேல் குற்றம் இல்லை, அது பழக்கத்தில் வந்த வார்த்தை.

அதற்குப் பதிலாக "மூளைக்கு நல்லது", "மன அழுத்தம் குறையும்" என்று வேறொரு சாக்கைத் தூக்கிக்கொள்ளவும் வேண்டாம் என்பேன். பிடித்திருக்கிறது, அதனால் விளையாடுகிறேன். நாத்தனார் மறுபடி கேட்டால் இதைச் சொன்னால் போதும். உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்று ஒன்றை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, உண்மைதான். கட்டுப்பாடு போய், வேலையும் உறவும் கெட்டு, கெடுவது தெரிந்தும் விட முடியாமல் பொதுவாக ஓராண்டு நீடித்தால்தான் அந்தப் பெயர். பாத்திரம் கழுவி முடித்த பிறகு ஒரு மணி நேரம் குதிரை ஓட்டுகிறவருக்கு இல்லை. சத்தத்தைக் கூட்டி வையுங்கள். குளம்பொலி கேட்காமல் என்ன குதிரைச் சவாரி!

செலவு செய்யலாமா என்று கேட்டீர்கள். வீட்டுக்கு மிக்சி வாங்கும்போது இந்தக் கேள்வியை நீங்கள் என்னிடம் கேட்டிருக்க மாட்டீர்கள். கையில் பணம் இருந்தால் புதிதாக ஒன்று வாங்குங்கள். ஆனால் பழையதைத் தூக்கிப் போடாமல் பழுது பாருங்கள். காரணம் உங்கள் மாமியார்.

கன்ட்ரோலர் என்பது பத்து விரலும் மடங்குகிறவர்களை மனதில் வைத்தே பல காலம் செய்யப்பட்ட பொருள். 2018-இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கு அடாப்டிவ் கன்ட்ரோலர் வந்தது. உள்ளங்கையால் அழுத்தும் அளவுக்கு இரண்டு பெரிய பொத்தான்கள், பின்னால் வரிசையாக 19 துளைகள். ஒவ்வொன்றிலும் வேறொரு சுவிட்சைச் செருகி, காலால், முழங்கையால், தாடையால்கூட விளையாடலாம். 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷனுக்கும் ஆக்செஸ் என்ற பெயரில் ஒன்று வந்தது. உங்களுக்கு இவ்வளவு தேவைப்படாது. தம்பி விட்டுப்போனது எந்தக் கன்சோல் என்று நீங்கள் எழுதவில்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன்னோ அதற்குப் பின் வந்ததோ, அல்லது பிளேஸ்டேஷன் 5-ஓ என்றால், இரண்டு கன்ட்ரோலர்களைச் சேர்த்து ஒன்றாக இயங்கவைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. எக்ஸ்பாக்ஸில் அதற்கு முன்பு கோபைலட் என்று பெயர், இப்போது கன்ட்ரோலர் அசிஸ்ட். பிளேஸ்டேஷனில் அசிஸ்ட் கன்ட்ரோலர் என்று தேடுங்கள்.

குதிரையின் போக்கு முழுவதும் இடது ஸ்டிக்கில்தான். அதற்கு ஒரு கட்டைவிரல் போதும், மாமியாரின் இடது கை நன்றாக இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பழுது பார்த்த கன்ட்ரோலரை அவர் மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் வையுங்கள், கையில் பாரம் தெரியாது. ஏறுவது, இறங்குவது, தண்ணீர் காட்டுவது எல்லாம் உங்கள் கன்ட்ரோலரில் இருக்கட்டும். முதல் நாள் மரத்தில் மோதத்தான் செய்வார். எடுத்துச் சொல்லாதீர்கள், ஓட்டட்டும்.

இத்தனை நாளாகக் குதிரையை எங்கே ஓட்டிப் போகலாம் என்று அவருக்குள் ஓர் எண்ணம் இருந்திருக்கும். எங்கே போனார் என்று எழுதுங்கள்.

அன்புடன்