பவளப்பாறை புக்கு: டெக்ஸ்ட்புக்க ஓரமா வைங்க, இதுல ஆரம்பிங்க

டெக்ஸ்ட்புக் ஒண்ணு வாங்கி பாதியிலயே தூக்கம் வருது, பவளப்பாறை பத்தியும் அத காப்பாத்துறது பத்தியும் கதை மாதிரி படிக்க ஏதாவது சொல்லுங்கன்னு கேட்டிருந்தீங்க. மொதல்ல கேலம் ராபர்ட்ஸோட 'ரீஃப் லைஃப்' படிங்க, ஸ்டூடண்டா செங்கடல்ல டைவ் அடிச்சதுலேர்ந்து தன் வாழ்க்கையவே சொல்றார், சயின்ஸ் நடுவுல தானா வந்துடும்.

ஆனா காப்பாத்துறது பத்தின்னா என் ஓட்டு ஜூடித் ரைட்டோட 'தி கோரல் பேட்டில்கிரவுண்ட்'டுக்கு தான். 1977ல வந்தது. அவங்க ஒரு கவிஞர்ங்க! 1960கள் கடைசில ஆஸ்திரேலியாவோட பெரிய பவளப்பாறைத் தொடரான கிரேட் பேரியர் ரீஃப்ல சுண்ணாம்புக்கல் வெட்டவும் எண்ணெய் தோண்டவும் ஆள் கிளம்பினப்போ, கையில காசு இல்லாத சிலபேர் சேர்ந்து லெட்டர், மீட்டிங்னு அரசாங்கத்தோட மல்லுக்கட்டி, கடைசில 1975ல அத பாதுகாக்கிற மரைன் பார்க் சட்டமே வந்துச்சு, அந்த முழு சண்டையும் உள்ள இருந்த ஆளே எழுதினது. கமிட்டி விவரம் கொஞ்சம் இழுக்கும், தாண்டிப் போங்க.

ப்ளீச்சிங், அதாவது தண்ணி சூடாகி பவளம் வெளுத்துப் போறது பத்தி ஐரஸ் பிரேவர்மன் எழுதின 'கோரல் விஸ்பரர்ஸ்' இருக்கு, ஆராய்ச்சியாளர்கள்கிட்ட எடுத்த பேட்டிங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க, வெளுத்த பவளம் உடனே செத்ததுன்னு இல்ல, உள்ள குடியிருந்து சாப்பாடு போடுற பாசி வெளியேறிடுச்சுன்னு அர்த்தம், தண்ணி சீக்கிரம் குளிர்ந்தா திரும்ப வரும். பவளப்பாறை பத்தி டார்வின் எழுதின 1842 புக் இப்போதைக்கு வேணாம்.